உடும்பு மார்க் செருப்பு

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் மைதீன் பாய் செருப்புக் கடை எது என்று கேட்டால் பத்துப் பேர் முழிப்பார்கள். பலவேசம் புளுகுகிற கடை எது என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். செருப்பு விற்கிறது பலவேசம், கல்லாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறது பாய். அந்தக் கடைக்கு ஒரு மழைநாள் மத்தியானம் இசக்கியம்மாள் நொண்டிக்கொண்டே வந்து ஏறினாள்.

அவளுக்கு அங்கன்வாடியில் வேலை. பிள்ளைகளுக்கு அவிக்கிற முட்டையை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி ஆற்றுப்பாலம் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். போன வாரம் பாலத்து ஏற்றத்தில், நனைந்த பெடலில் செருப்பு வழுக்கிக் கால் நழுவிவிட்டது. காலில் தோல் உரிந்தது போகட்டும், முட்டை அத்தனையும் ரோட்டிலேயே ஆம்லெட். பிள்ளைகள் அன்றைக்கு வெறும் சாதத்தைத் தின்றுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தன. நாளைக்கு மறுபடியும் முட்டை நாள்.

"அண்ணாச்சி, தெனம் போடுறாப்புல ஒரு செருப்பு வேணும். மழையில பெடல்ல வழுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் பலவேசம் விட்டுவிடுவாரா? மேல்தட்டில் இருந்து ஒரு ஜோடி பழுப்புச் செருப்பை எடுத்துத் தூசி தட்டினார். முன்னால் அகலமாக ஒரு பட்டை, பின்னால் ஒன்றும் கிடையாது.

"உடும்பு மார்க்! இதைப் போட்டுட்டுப் பெடல்ல காலை வச்சா, நீயே வேண்டாம்னு சொன்னாலும் விடாது. நான் இதைப் போட்டு பாபநாசம் ஏத்தம் ஏறிட்டு வந்து வீட்டு வாசல்ல இறங்குதேன், பெடல் கழண்டு காலோட வந்துட்டு. டொக்கு டொக்குனு உள்ள போறேன். குதிரை வந்திருக்குன்னு எம் பொண்டாட்டி கொள்ளு ஊறப் போட்டுட்டா."

"பெடல் கழண்டா நான் எதை மிதிச்சு வீட்டுக்குப் போக?"

"நல்லாக் கேட்ட! அதான் அடுத்த தடவை பெடலை இறுக்கி முறுக்கினேன். அது தப்பாப் போச்சு. இறங்கினா சைக்கிளே காலோட வருது. அப்படியே கோயிலுக்குப் போனேன். செருப்பை மட்டும் கழட்டித் தாரும்ங்கான் டோக்கன்காரன். வந்தாத்தானே? சைக்கிளோட சேத்துத் தூக்கி அலமாரியில வச்சுட்டு, ஹாண்டில்பார்ல டோக்கன் கட்டினான்."

"வே பலவேசம்," என்றார் பாய். "அந்தப் பிள்ளை மழைக்குக் கேக்கு. நீரு கோயிலுக்குப் போறீரு."

"மழையா? வெள்ளத்துக்கே சொல்லுதேன் மொதலாளி! போன ஐப்பசியில தாமிரபரணி பாலத்துக்கு மேல போகுது. நான் நிப்பனா? மிதிச்சேன். அக்கரை ஏறி, பஜாருக்கு வந்து திரும்பிப் பாக்கேன், ஆறு எம் பின்னாலயே வந்து நிக்கி! செருப்பு பிடிச்ச பிடியில இழுபட்டு வந்திருக்கு. பாலத்தடியில வெறும் மணலு. மேக்க குளிச்சுக்கிட்டு இருந்தவன் தலையில சோப்பு நுரையோட பஸ் ஏறி வந்து என்னை ஏசுதான். என்ன செய்ய? திரும்பப் போயி, ஆத்தைக் கிடந்த இடத்துல கிடத்திட்டு வந்தேன். மீனு கொஞ்சம் இடம் மாறிப் போச்சு, அதுக்கு நான் பொறுப்பில்ல."

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "ஆறு கிடக்கட்டும் அண்ணாச்சி. எம் முட்டை உடையுமா, உடையாதா?"

"பூமியே திரும்பியிருக்கு, இவ முட்டையைக் கேக்கா! ஒரு நாள் விடியக்காலம் பெடலைப் பின்னால ஒரு மிதி மிதிச்சேன் பாரு. செருப்பு பெடலைப் பிடிச்சுது, பெடலு செயினைப் பிடிச்சுது, செயினு டயரை, டயரு ரோட்டை. பூமி கிறீச்சுனு நின்னு, பின்னால சுத்த ஆரம்பிச்சுட்டு. உதிச்ச சூரியன் பொத்துனு கிழக்கயே விழுந்துட்டு. கூவின சேவலு வெக்கப்பட்டுக் கூட்டுக்குள்ள போயிட்டு. ஊரே மறுபடி பாயை விரிச்சுப் படுத்துட்டு."

"அதான் அன்னைக்குக் கடைக்கு லேட்டா வந்தீராக்கும்?" என்றார் பாய்.

"நான் எங்க லேட்டு? நீங்கதான் முந்தின நாளே தொறந்துட்டிய."

பாய் சுவரில் தொங்கின காலண்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, போட்டு மிதிச்சே பாத்துருதேன்," என்று இசக்கியம்மாள் எழுந்தாள். பலவேசம் குறுக்கே கையை நீட்டினார். புதுச் செருப்போடு ரோட்டில் இறங்க எந்தக் கடையில் விடுவார்கள்? அட்டையை விரித்துப்போட்டு அதன்மேல் நாலு எட்டு நடந்து பார்க்கலாம். ரோட்டுப் புழுதி பட்டால் அது பழஞ்செருப்பு.

"அட்டையில எந்தச் செருப்பு வழுக்கும்?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள். போனவள் சைக்கிளோடு திரும்பி வந்தாள்! படியில் தூக்கி ஏற்றி, நட்டநடுக் கடையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். பெடலில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"ரோட்டுலதானே மிதிக்கக் கூடாது? இங்கன மிதிக்கலாம்லா? மொதல்ல நீங்க ஏறுங்க அண்ணாச்சி."

"ஏறும் வே," என்று பாயும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக எழுந்ததே கிடையாது.

பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடும்பு மார்க்கை மாட்டிக்கொண்டு ஏறினார். பின்சக்கரம் அந்தரத்தில் கிறுகிறுவென்று சுற்றியது. "இந்தா கல்லிடைக்குறிச்சி போயிட்டு... இது வீரவநல்லூர்... சேரன்மாதேவி தாண்டியாச்சு... அல்வா வாசனை வருதா தங்கச்சி?" அல்வா வாசனை வருவதற்குள் இடது கால் செருப்புக்குள்ளேயே வழுக்கி முன்னால் பாய்ந்தது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து கணுக்காலில் ஒன்று வைத்தது. அண்ணாச்சி அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் சரிந்து, அத்தனை பெட்டியோடும் தரையில் உட்கார்ந்தார். செருப்பு மட்டும் பெடல் பல்லைக் கவ்விக்கொண்டு அப்படியே இருந்தது.

"அடி பட்டுட்டா வே?"

பலவேசம் கணுக்காலைத் தேய்த்தாரே ஒழிய அசரவில்லை. "பாத்தியா தங்கச்சி! செருப்பு அசைஞ்சுதா? வழுக்கினது எங்காலுல்லா! காலுக்கு எந்தக் கம்பெனிக்காரன் கேரண்டி குடுக்கான்?"

இசக்கியம்மாள் கீழ்த்தட்டில் தேடி, கறுப்பு ரப்பர் செருப்பு ஒரு ஜோடியைத் தானே எடுத்தாள். தட்டையான அடி, அடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டு, குதிகாலைச் சுற்றிப் பின்வார். மாட்டி, வாரை இழுத்துப் பூட்டி, வலதுபக்கத்து ஈரப் பெடலில் காலை வைத்து அழுத்தினாள். ஆட்டினாள், முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். செருப்பும் நகரவில்லை, செருப்புக்குள் காலும் நகரவில்லை. பாலத்து ஏற்றம் ஞாபகத்துக்கு வந்தது. இனிப் பயமில்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

"பாய், இதையே போட்டுட்டுப் போறேன்."

பலவேசத்துக்கு நெஞ்சு தாங்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் இருந்தபடியே இடது பெடலைக் காட்டிக் கத்தினார். "ஏ தங்கச்சி, உடும்பு இன்னும் பிடியை விடலை பாரு! அதை விட்டுட்டு இதை எடுக்கியே, நாளைக்கு முட்டை பத்திரமாப் போய்ச் சேர வேண்டாமா?"

இசக்கியம்மாள் குனிந்து அந்தச் செருப்பைப் பெடலில் இருந்து பிய்த்தெடுத்து, அவர் மடியில் வைத்தாள்.

"அப்போ நாளைக்கு முட்டையை இதுகிட்டயே குடுத்து விடுதேன் அண்ணாச்சி. அங்கன்வாடிக்கு வழி மட்டும் நீங்க சொல்லி விடுங்க."