குதிரைகளுக்கு வந்த கொள்ளு

செங்கணவாய்க் கோட்டைக்கு எயினன் தலைவனாக இருந்த காலத்தில் அரசர் இறந்துபோனார்.

அடுத்த அரசர் யார் என்பதில் அமைச்சர்கள் ஒத்துப்போகவில்லை. அது முடிவாகும்வரை நாட்டை நடத்தியாக வேண்டும். எல்லாக் கோட்டைகளுக்கும் ஓர் ஓலை அனுப்பினார்கள். போன ஆண்டு எதற்கு எவ்வளவு கொடுக்கப்பட்டதோ, இந்த மாதமும் அதற்கு அவ்வளவே கொடுக்கப்படும். ஒன்றுக்கென்று வந்ததை இன்னொன்றுக்குச் செலவிடக் கூடாது. புதிய வேலை எதையும் தொடங்கக் கூடாது.

ஒரு மாதத்துக்குத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். மாதம் முடிந்ததும் அதே ஓலை மறுபடி வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது.

போன ஆண்டு கோட்டையில் நாற்பது குதிரைகள் இருந்தன. அரசர் நோயில் விழுவதற்குச் சில நாள் முன்பு முப்பத்து நான்கைத் தலைநகருக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். மிஞ்சியவை ஆறு. ஆனாலும் மாதம் தவறாமல் நாற்பது குதிரைகளுக்கான கொள்ளு வண்டிகளில் ஏறி வந்தது. காலியாகக் கிடந்த லாயத்தில் மூட்டைகளை அடுக்கி வைத்தார்கள்.

கோட்டைக்குள் தண்ணீர் தருவது ஒரே ஒரு சுனை. ஆண்டு முழுவதும் பாறையிடுக்கில் கசியும் நீர் அதில் வந்து தேங்கும். ஐப்பசி மழையில் பாறை சரிந்து சுனையின் ஒரு பக்கம் பிளந்துவிட்டது. ஊறுகிற நீரெல்லாம் அந்தப் பிளவு வழியே மலைக்கு வெளியே போய்விட்டது.

எண்பது வீரர்களுக்கும் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வர வேண்டியதாயிற்று. பாதை செங்குத்தானது. சுனையைக் கட்ட அனுமதி கேட்டு எயினன் மூன்று முறை தலைநகருக்கு எழுதினான். மூன்று முறையும் பதிலாக வந்தது அந்த மாதத்து ஓலைதான்.

பங்குனியில் கொற்றன் என்ற வீரன் குடத்தோடு வழுக்கி விழுந்து இறந்தான். இரண்டு போர்களில் ஒரு காயமும் படாமல் திரும்பியவன் அவன்.

அதன் பிறகு எயினன் வரும்போது வீரர்கள் எழுந்து நிற்பார்கள், பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அவன் கடந்து போனதும் பேசத் தொடங்குவார்கள். அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். துணைத் தலைவனோடு பேசுவதற்கும் அன்றாட வேலையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று.

ஏழாவது ஓலை வந்த அன்று அவன் எதிர்மலைக்கு ஏறினான்.

அங்கே ஒரு குகையில் சமணத் துறவி ஒருவர் இருந்தார். ஆசிரியை என்ற பொருளில் எல்லாரும் அவரைக் குரத்தியார் என்றார்கள். எயினனைவிடப் பத்து வயது இளையவர். பதினோரு ஆண்டுகளாக எயினன் அவருடைய சீடன்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கணவாய் வழியாகப் போகும் உப்பு வணிகர்களுக்கு மாடுகளுக்குத் தீனி வேண்டும். கொள்ளு மூட்டைகளைக் கொடுத்தால் சுனையைப் பூசும் சாந்துக்குச் சுண்ணாம்பும் வெல்லமும் கடுக்காயும் தருகிறோம் என்கிறார்கள். கல்தச்சர் நான்கு பேரையும் அழைத்து வருவார்கள். இருபது நாள் வேலை.

"செய்யலாமா, அடிகளே?"

"ஓலை கையில் இருக்கிறதா?"

கொடுத்தான். குரத்தியார் அதை இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் இப்படி எழுதினார்கள்?"

எயினனுக்குக் காரணம் தெரியும். இறந்த அரசரின் பாட்டனார் மறைந்தபோதும் இப்படி அரசர் இல்லாத ஓர் இடைவெளி வந்தது. அப்போது தெற்கே ஒரு கோட்டைத் தலைவன் தனக்கு வந்த நெல்லையெல்லாம் சேர்த்துவைத்துத் தனக்கென்று படை திரட்டினான். இரண்டு ஊர்கள் எரிந்த பிறகுதான் அவனை அடக்க முடிந்தது.

"அப்படியானால் இது தேவையான ஓலை."

"தேவையானதுதான்."

"சுனை?"

"அதுவும் தேவையானதுதான்."

குரத்தியார் ஓலையைத் திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

"நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்," என்றான் எயினன்.

அவர் வழியில் பூச்சிகளை ஒதுக்கும் மயிற்பீலியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஆற்றுக்குப் போவோம்."

இருவரும் மலையிறங்கி ஆற்றுக்கு வந்தார்கள். கரையில் இரண்டு வீரர்கள் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தலைவனைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார்கள். குரத்தியார் அவர்களில் ஒருவனிடம், நிறைந்த குடத்தைத் தலைவரிடம் கொடுக்கச் சொன்னார். அவன் தயங்கினான். எயினனே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அந்தப் பாதையில் அவன் எத்தனையோ முறை நடந்திருக்கிறான். சுமையோடு ஏறியதில்லை. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்தது. நிற்கலாம் என்றால் குடத்தை இறக்கி வைக்க ஓரிடமும் சமமாக இல்லை.

கொற்றன் விழுந்த இடத்துக்கு வந்தபோது காலடியில் பாறை சொரசொரப்பாக இருந்தது. குனிந்து பார்த்தான். ஏழெட்டு அடி நீளத்துக்கு உளியால் கொத்தியிருந்தார்கள்.

"இதைக் கொத்தியது யார்?"

பின்னால் வந்த வீரன் வேறு பக்கம் பார்த்தான். எயினன் மறுபடி கேட்டான்.

"நாங்கள்தான், தலைவரே. புதிய வேலை என்று நிறுத்திவிடுவீர்களோ என்று உங்களிடம் சொல்லவில்லை."

எயினன் அப்படியே நின்றான். குரத்தியார் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

அவன் குடத்தைக் கோட்டைவரை கொண்டுபோய் இறக்கினான். பிறகு தன் அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தான். எத்தனை மூட்டை, யாருக்குக் கொடுக்கிறோம், பதிலுக்கு என்ன வாங்குகிறோம், அதனால் எந்த வேலை நடக்கும், ஆறு குதிரைகளுக்கு எவ்வளவு ஒதுக்கிவைக்கிறோம் என்று ஒவ்வொன்றாக எழுதினான். இதை எவர் சொல்லியும் செய்யவில்லை, நானே செய்கிறேன் என்று எழுதிக் கீழே தன் பெயரை இட்டான்.

அந்த ஓலையோடு ஆள் தலைநகருக்குப் புறப்பட்டான். மறுநாள் காலை முதல் மூட்டை லாயத்திலிருந்து வெளியே வந்தது. பதில் வரும் என்று எயினன் எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை.

வேலை இருபத்தாறு நாள் பிடித்தது. வைகாசி நடுவில் சுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வீரர்கள் அதில் முகம் கழுவிக்கொண்டு சிரித்தார்கள். எயினன் தூரத்திலிருந்து பார்த்தான்.

இன்னும் கொள்ளு மிச்சம் இருக்கிறதே, அதைக் கொடுத்து வாயிற்கதவையும் புதிதாகச் செய்துவிடலாம் என்றான் துணைத் தலைவன். கதவு பழசுதான். ஆனால் அடைத்தால் அடைபட்டது. எயினன் முடியாது என்று சொல்லிவிட்டான். ஒரு முறை மீறியவருக்கு இப்போது என்ன தயக்கம் என்று வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதிலும் விழுந்தது.

ஆவணியில் புதிய அரசர் முடி சூடினார். புரட்டாசியில் தலைநகரிலிருந்து கணக்கைச் சோதிக்கும் கண்காணி வந்தார். மூட்டைகளை எண்ணிப் பார்த்தார். ஓலையில் எழுதியபடி எல்லாம் சரியாக இருந்தன. சுனையைச் சுற்றி வந்து பூச்சைத் தட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். தப்பிக்க வழி கொடுக்கிறவர் போலத்தான் கேட்டார்.

"அமைச்சர்களில் யாராவது வாய்மொழியாகச் சொன்னார்களா?"

"இல்லை."

"எதிர்மலையில் உங்கள் ஆசிரியர் இருக்கிறாராம். அவரிடம் போனீர்களாம். அரசர் துறவிகளின் சொல்லை மதிக்கிறவர். அவர் சொல்லித்தான் செய்தீர்களா?"

எயினன் சற்று யோசித்தான்.

"அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானேதான் செய்தேன்."

ஓலையை மீறியவரைப் பதவியில் வைத்திருக்க முடியாது என்றார் கண்காணி. அதைச் சொல்லும்போது அவர் எயினனின் முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படும்முன் வழிப்பயணத்துக்காகத் தன் குடுவையைச் சுனையில் நிரப்பிக்கொண்டார்.

பதினைந்து நாளில் புதிய தலைவன் வந்தான். அரசரின் புதிய ஆணையும் அவனோடு வந்தது. முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்து அதைப் படித்தான். இனி இப்படி ஒரு காலம் வந்தால், கோட்டைத் தலைவர்கள் ஒன்றுக்கு வந்ததில் கால் பங்குவரை அவசரத் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆணையில் எவருடைய பெயரும் இல்லை. வரிசையின் கடைசியில் நின்ற எயினனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய தலைவன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகல் எயினன் ஒரு மூட்டைத் துணியோடு வாயிலைக் கடந்தான். வழக்கப்படி கணவாய்வரை இரண்டு வீரர்கள் கூட வர வேண்டும். யாரும் வரவில்லை. அவனும் கேட்கவில்லை. எதிர்மலைக்கு ஏறிக் குகை வாயிலில் உட்கார்ந்தான்.

குரத்தியார் வெளியே வந்து எதிரே அமர்ந்தார்.

"புதிய ஆணையைப் பற்றிக் கேள்விப்பட்டீர்களா, அடிகளே?"

"கேள்விப்பட்டேன்."

"நான் செய்ததைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்."

"ஆம்."

"அப்படியானால் நான் செய்தது சரிதானே?"

குரத்தியார் பேசாமல் இருந்தார்.

"அன்றும் இப்படித்தான் இருந்தீர்கள்," என்றான் எயினன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை மாதம் நான் இதைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டேன்."

"சொல்லியிருந்தால், கண்காணி கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருப்பீர்கள், எயினரே. உங்கள் ஓலையில் நானே செய்கிறேன் என்று எழுதியிருக்கவும் மாட்டீர்கள்."

வெயில் தாழும்வரை எயினன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.