மேசையின் வெட்டுப்பட்ட மூலை

ஆவுடையப்பனுக்கு ஐம்பது வயசில்தான் குரு வாய்த்தது. குருவுக்கு முப்பத்தாறு வயசு. பெயர் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் போட்டோவுக்குச் சட்டம் அடிக்கிற கடை. மில் மூடியபின் மனசும் காலும் ஓரிடத்தில் நிற்காமல் திரிந்தவருக்கு மரத்தைத் தொடக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

இப்போது அவருக்கென்று ஒரு கடை. முதல் ஆர்டரும் வந்துவிட்டது, பள்ளிவாசல் நூலகத்துக்குப் புத்தக அலமாரிகள். கதவு விளிம்பெல்லாம் அழகாக வளைவு ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நிர்வாகி காதர் மீரான் வந்து மாதிரிக் கதவைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் ரெடிமேட் அலமாரி வாங்கிவிடுவார்கள்.

வளைவு வெட்டுகிற ரவுட்டர் மிஷின் இருந்தது. அதைத் தலைகீழாக மாட்ட மேசைதான் இல்லை. மேசை இருந்தால் மிஷின் அடியில் கிடக்கும், வெட்டுகிற பல் மட்டும் துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையை மேலே தள்ளினால் போதும்.

ஜெசிந்தாவின் கடைக்குப் போய்ச் செல்போனை அவளிடம் நீட்டினார்.

"மாஸ்டர், மேசைக்கு ஒரு நல்ல பிளான் சொல்லுங்க. வீடியோ பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஒருத்தன் இழுப்பறை வைங்கான், ஒருத்தன் சக்கரம் வைங்கான்."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எனக்கு என்ன தெரியும்?"

"சொந்தக் கடை போட்ட ஆளு பேசுற பேச்சா இது!"

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். உங்க மேசையோட பிளான் இருந்தாத் தாங்களேன்."

"பிளானுக்கு எங்க போக? மேசைதான் கெடக்கு. வேணும்னா அளந்துக்கோங்க."

அளந்தார். நீளம், அகலம், பலகையின் கனம், மிஷின் மாட்டிய துளை. முன்பக்கம் இடது மூலையில் ஒரு சாண் அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. அதையும் அளந்து, எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டார். எதற்காக இருக்கும்? மரத்தூளைத் தள்ளிவிட இருக்கும். இல்லையென்றால் பலகையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு மாட்ட. வேலை தெரிந்த கை, காரணமில்லாமல் வெட்டாது.

சட்டத்துக்குப் பசை தடவியபடி ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அச்சு அசலா உங்க மேசைதான் மாஸ்டர். ஒரு நூல் பிசகலை, செல்லுல அளவைப் பாருங்க. ஆனா கதவு வீணாப்போச்சு."

அவள் விளிம்பில் பெருவிரலை ஓட்டினாள். தொடக்கத்தில் நல்ல வளைவு. போகப்போக மங்கி, கடைசியில் வெறும் கீறலாகிப்போயிருந்தது.

"தள்ளும்போது என்னாச்சு?"

"பாதி வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. பெறகு முன்பக்கம் சாஞ்சு, பல்லு வெட்டுற பக்கம் தூக்கிட்டு."

"எந்த இடத்துல சாஞ்சுது?"

"இடது மூலை..." கதவைப் பார்த்தார். "அகலப் பலகைலா. அந்த வெட்டுக்கு மேல வந்ததும் கீழ தாங்க ஒண்ணும் இல்ல."

"என் சட்டமெல்லாம் மூணு விரல் அகலம். அந்த மூலைப் பக்கமே போகாது."

"அப்போ வெட்டு எதுக்கு மாஸ்டர்? தூளுக்கா, கிளாம்புக்கா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பழைய கடையில அந்த எடத்துல ஒரு தூண் நின்னுச்சு அண்ணாச்சி. மேசை சுவரோட அண்டல. மூலையை அறுத்துப் போட்டேன். கடை மாத்தும்போது மேசை வந்துட்டு, தூண் வரல."

ஆவுடையப்பன் அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தார். வெட்டுப்பட்ட மூலையில் துடைப்பம் சாத்தியிருந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"அன்னைக்கு அளக்குற டேப்புதான் பேசிச்சு. நீங்க எங்க பேசுனீங்க?"

அவருக்கு ரோஷம் வந்தது.

"என் கடையில தூணே கெடையாது மாஸ்டர். நாலு சுவரு, நடுவுல வெறுந்தரை."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"அப்போ அந்த மூலையில யாரை நிப்பாட்டி வச்சிருக்கீங்க?"

ஆவுடையப்பன் அவள் மேசையின் அளவு குறித்திருந்த செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் முழுசாக ஒரு நாள் கிடந்தது. கெட்டுப்போன கதவை விட்டுவிட்டுப் புறப்பட்டவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டார். தன் மேசையை அளக்க இனி அதன் அகலம் அவருக்கு வேண்டும்.