ராசா முகத்துக்கு ஊர் வைத்த பெயர்

முன்னொரு காலத்தில் மாங்குளத்தூர் நாட்டைச் சேனவராயன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். புகழ் என்றால் அவனுக்கு உயிர். தன் முகம் பொறித்து வெள்ளிக்காசு அடித்து, 'சேனவராயம்' என்று பெயரும் வைத்தான். வேறு பெயர் சொன்னால் நாக்கு இருக்காது என்று தண்டோராவும் போட்டான். ஊர் என்னவோ அதை 'நெத்தி' என்றுதான் சொன்னது.

கீரைக்காரி வெள்ளையம்மாள் சந்தையில், "ஒரு நெத்திக்குச் சில்லறை இருக்கா?" என்று பக்கத்துக் கடையில் கேட்டாள். அது விழுந்தது பொக்கிஷ அதிகாரி அம்பலவாணர் காதில். மாலைக்குள் அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அமைச்சர் மருதப்பர் எழுந்து முன்னே வந்தார். அந்தப் பெயர் எங்கே பிறந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வருஷமாக வாய் திறக்காதவர் அவர்.

"அரசே, பன்றி முத்திரை இருப்பதால் வராகன் என்கிறோம். துட்டு என்பது கப்பல்காரர்கள் கொண்டுவந்த பெயர். இதற்கும் காரணம் விசாரித்துவிட்டுத் தண்டிக்கலாமே" என்றார்.

"தெருப்பேச்சுக்குக் காரணம் வேறு வேண்டிக்கிடக்கிறதா?" என்று சிரித்தார் அம்பலவாணர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண்.

"வாயால் சொல்ல முடியாது, காட்டத்தான் முடியும். நீங்களே ஒத்தாசை செய்யுங்கள். தெற்கே தலைவைத்துப் படுங்கள்" என்றார் மருதப்பர்.

ராசாவுக்கு வேடிக்கை பிடிக்கும். "படுமய்யா" என்றான். அம்பலவாணர் பட்டு அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

மருதப்பர் ஒரு வெள்ளிக்காசை வெள்ளையம்மாளிடம் கொடுத்தார். "இதை உன் வீட்டில் முதன்முதலாக எங்கே வைத்தாயோ, அங்கே வை அம்மா."

அவள் குனிந்து அம்பலவாணர் நெற்றியில் வைத்தாள். வைத்த கையோடு அவர் கண்களையும் மூடிவிட்டாள்.

பிணத்தின் நெற்றியில் காசு வைக்காத வீடு அந்த நாட்டில் கிடையாது.

"போன பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறக்க வேண்டாம் என்றார் இவர். சாவுக்கு ஒரு வெள்ளிக்காசு கொடுத்தால் போதும் என்றார். கொடுத்தோம். தங்கள் முகம் குடிசைக்குள் போனதே அப்போதுதான், அரசே. இந்த வருஷமும் மழை இல்லை" என்றார் மருதப்பர்.

அம்பலவாணர் எழப் பார்த்தார். "அப்படியே கிடவும்" என்று ராசா இறங்கி வந்தான். "உன் வீட்டுக்கு எத்தனை வந்தது, தாயே?"

"மூணு, சாமி. கடைசிக் காசு என் சின்னவளுக்கு. அவ நெத்திக்கு அது பெருசா இருந்துச்சு."

ராசா குனிந்து, அம்பலவாணர் இடுப்பிலிருந்த களஞ்சியச் சாவியை அவிழ்த்து அமைச்சர் கையில் கொடுத்தான்.

"இவரையே வீடு வீடாக அளக்கச் சொல்லும். இனி எந்த வீட்டுக்கும் நெத்திக்கு முன்னால் நெல் போகட்டும்."