சோலைமலை தோளில் முருகன் ஏறிய கதை

வாயால் பழனிக்கு நடந்துபோய் வருவதென்றால் சிங்கம்புணரிப் பக்கத்தில் சோலைமலையை அடிக்க ஆளில்லை. காலால் நடந்தான் என்று சொல்லும்போதுதான் கொஞ்சம் இடிக்கும்.

தைப்பூசம் முடிந்து பாதயாத்திரைக் குழு ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம், மச்சக்காளையின் டீக்கடை வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கொப்புளம் வெடித்த காலை நீட்டிக்கொண்டு சிலர், பாதத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு சிலர். பூமயிலுக்குக் கால் பரவாயில்லை, கழுத்துதான் திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. அந்த வலிக்குக் காரணமான சோலைமலையோ, எதிரே ஊர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

அந்த அண்டாவுக்கு ஒரு கதை உண்டு. பழனி அடிவாரத்தில் அதில் சோறு பொங்கி வருகிறவர் போகிறவருக்குப் போட்ட பிறகுதான் இந்த ஊர்க்காரர்கள் மாலையைக் கழற்றுவார்கள். எப்போதும் அது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் பின்னாலேயே வரும். இந்த வருஷம் சமுத்திராபட்டியோடு வண்டி படுத்துவிட்டது. ஆள் மாற்றி ஆள் தலையில் சுமந்தார்கள். நத்தம் தாண்டியதும் சோலைமலையின் முறை. "ஒண்ணுக்குப் போயிட்டு இந்தா வந்துர்றேன்" என்று ஒதுங்கியவனை அப்புறம் பழனி அடிவாரத்தில்தான் பார்த்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத பச்சை வேட்டியோடு நின்று பஞ்சாமிர்தம் நக்கிக்கொண்டிருந்தான். அவன் முறையையும் சேர்த்துச் சுமந்தவள் பூமயில்.

அது போகட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் இன்றைக்கு விஷயமே வேறு. குழுவின் குருசாமி அடைக்கலத்துக்கு முழங்கால் போய்விட்டது. அடுத்த வருஷம் குழுவுக்கு முன்னால் வேலைப் பிடித்து நடக்கப் போவது யார் என்று முடிவு செய்யத்தான் கூட்டம். வேல் அவர் மடியில் கிடந்தது. சோலைமலையின் கண் அந்த வேலில் கிடந்தது.

"உங்ககூட நடந்தா என் காலுக்குத் தூக்கம் வருதுய்யா. அதான் தனியாப் போனேன்" என்று ஆரம்பித்தான். "நத்தத்துல எடுத்த வேகம், கோபால்பட்டிகிட்டத் திரும்பிப் பாக்குறேன், என் நிழலைக் காணோம். பாவம், பின்தங்கிருச்சு. ஒரு புளியமரத்தடியில உக்காந்து காத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேலதான் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேந்துச்சு."

மச்சக்காளை டீ ஆற்றுவதை நிறுத்தினான். "மரத்து நிழலுக்குள்ள உன் நிழலை எப்படி மாப்ளே அடையாளம் கண்ட?"

"அதுதான் வேட்டி கட்டியிருந்துச்சுல்ல."

நாலு பேர் சிரித்தார்கள். சோலைமலைக்கு அது போதும்.

"சிரிக்காதீங்கப்பா. என் உள்ளங்கால் சூட்டுக்குத் தாரு இளகி, நடக்க நடக்க ரோடு சமமாயிருச்சு. ரோலர் வண்டிக்காரன் ஒருத்தன் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான். 'அண்ணே, அந்தப் பக்கமும் கொஞ்சம் நடந்து குடுங்க, பள்ளமாக் கெடக்கு'ங்கிறான்."

"நாங்களும் அந்த ரோட்டுலதான வந்தோம்? கல்லு குத்திக் காலு கிழிஞ்சிருச்சு" என்றார் கொப்புளக் காலை நீட்டியிருந்த ஒருவர்.

"நீங்க இடது ஓரமா வந்திருப்பீங்க. நான் நடந்தது வலது ஓரம்."

இவனுக்குப் பதில் எந்தக் கடையில் வாங்கி வைத்திருக்கிறானோ என்று பூமயிலுக்கு எரிச்சலாக வந்தது.

"ரெட்டியார்சத்திரத்துல தண்ணி லாரி ஒண்ணு பஞ்சராகி நிக்குது. நடக்குற சனமெல்லாம் தாகத்துல தவிக்குது. டிரைவரு அசந்து தூங்குறான், எழுப்ப மனசு வரல. லாரியை அப்படியே தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, குழாயைத் தொறந்துவிட்டு, ஒட்டன்சத்திரம் வரைக்கும் நடந்தேன். கடைசி வரைக்கும் டிரைவரு முழிக்கலையே!"

"தலையிலயாண்ணே வச்சீங்க?" என்று கேட்டாள் பூமயில்.

"தலையிலதான் தங்கச்சி. சும்மாடுகூட இல்ல."

"கழுத்து வலிக்கலையா?"

"நமக்கெல்லாம் அது ஒரு கனமா?"

அவளுக்குக் கழுத்தில் சுருக்கென்றது. அந்த வார்த்தையை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சோலைமலை இப்போது குரலை இறக்கினான். "சத்திரப்பட்டி தாண்டி ஒரு மைல்கல்லு மேல சின்னப் பய ஒருத்தன் உக்காந்திருந்தான். பக்கத்துல ஒரு மயிலு. 'அண்ணே, காலு வலிக்குது'ன்னான். தூக்கித் தோள்ல வச்சதும் விபூதி வாசம் குப்புன்னு அடிக்குது. யாருங்கிறீங்க? சாட்சாத் முருகன்!"

"மயிலு?" என்றான் மச்சக்காளை.

"அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். மலைகிட்டப் போனா, சாமி என் தோள்ல இருக்கிறதைப் பாத்துட்டு மலையே முழங்காலு உசரத்துக்குக் குனிஞ்சு குடுத்துச்சு. ஒரே எட்டுல ஏறிட்டேன். நீங்கல்லாம் வரிசையில அத்தனை நேரம் நின்னீங்களே, ஏன்னு நெனைக்கிறீங்க? உள்ள சாமி இருந்தாத்தானய்யா தரிசனம்? அவருதான் என் தோள்ல வந்துக்கிட்டிருந்தாரே!"

அந்த வரிசையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பூமயில், தைலப் புட்டியை எடுத்துக் கழுத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

"எறங்கும்போது காதுல சொன்னாரு, 'சோலை, அடுத்த வருஷம் என் வேலு உன் கையிலதான் வரணும்'னு. நான் கேக்கல. அவராத்தான் சொன்னாரு."

இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. முருகன் பேரைச் சொல்லிவிட்டானே! இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குருசாமி வேலைத் தடவியபடி யோசித்தார். முருகன் வாக்கு என்று யார் சொன்னாலும் மறுத்துப் பேசத் துணியாத மனுஷர் அவர். பூமயில் கணக்குப் போட்டாள். வேல் நிஜமாகவே இவன் கைக்குப் போய்விடும். பொய் என்று சொல்லலாம், ஆனால் தனியாகப் போனவனுக்கு எதிராகச் சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? அவன் தனியாகப் போனதே அதற்குத்தானே!

தைலப் புட்டியை மூடி வைத்தாள். "அண்ணன் சொல்றது அத்தனையும் நெசம்" என்றாள்.

சோலைமலைக்கே புரையேறியது.

"நான் சன்னதியில நிக்கிறப்ப முருகன் என்னையப் பாத்து, 'ஏத்தா பூமயிலு, கழுத்து வலிக்குதா'ன்னாரு. 'ஆமா சாமி, சோலை அண்ணன் முறையையும் நான்தான் சுமந்தேன்'னேன். அவருக்கு மொகம் வாடிருச்சு. 'தப்பு என் மேலதான்த்தா. அண்டாவைத் தூக்க ஆசையா வந்தவனை நான்தான் இழுத்துட்டுப் போயிட்டேன். லாரியைச் சுமந்த தலைக்கு அண்டா கெடைக்கலையேன்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தான். வேலைக் குடுத்து அவனை ஏமாத்திராதீங்க. அடுத்த வருஷம் ஊர்லேருந்து மலை வரைக்கும் அண்டா அவனுக்குத்தான். நடுவுல ஒரு பயலும் பங்குக்கு வரக் கூடாது'ன்னாரு."

"ஏத்தா, பொய் சொல்லாத!" என்று அண்டாவிலிருந்து துள்ளி எழுந்தான் சோலைமலை. "முருகன் எங்கயாச்சும் வாயத் தொறந்து பேசுவாரா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"பேச மாட்டாரா மாப்ளே?" என்றான் மச்சக்காளை. "அப்ப உன் காதுல சொன்னது யாரு, மயிலா?"

கடை அதிர்ந்தது. கொப்புளக்காரர்கள் காலை மறந்து உதைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பேசுவாரு... பேசுவாருதான்" என்று முழுங்கினான் சோலைமலை.

"பேசுவாருல்ல?" குருசாமி சுவரைப் பிடித்து எழுந்தார். "உன்கிட்டச் சொன்னது முந்தி. பூமயிலுகிட்டச் சொன்னது பிந்தி. சாமி கடைசியாச் சொன்னதைத்தான் நாம கேக்கணும்." வேலைப் பூமயிலின் கையில் கொடுத்தார். "நீ முன்னால போத்தா. சோலை அண்டாவோட பின்னால வருவான்."

கழுத்தை அசைக்க முடியாமல், கண்ணை மட்டும் தாழ்த்தி வேலை வாங்கிக்கொண்டாள் பூமயில்.

சோலைமலை அண்டாவைப் பார்த்தான். கடைசியாக ஒரு வழி அவனுக்குத் தோன்றியது. "சரிங்க குருசாமி. ஆனா அடுத்த வருஷமும் முருகன் வந்து தூக்கச் சொன்னா? அண்டாவை எறக்கி வச்சுட்டுத்தானே ஆகணும்?"

"எதுக்குப்பா எறக்குற?" என்றார் குருசாமி. "அண்டாவுக்குள்ள உக்கார வச்சுக்க. மயிலையும் சேத்து."