முறுக்கு டப்பாவில் இரண்டு மு

இதை எனக்கு முதலில் சொன்னது, கோயிலில் என் பக்கத்தில் உட்காரும் சௌந்தரவல்லி. போன கார்த்திகையில் ஒரு சோமவாரம், பிரசாத வரிசையில் நின்றுகொண்டே சொன்னாள்.

மதுரையில் நசீமா என்று ஒரு பெண். முப்பது வயதுதான். கையால் எழுதின எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, தட்டினால் வருகிற மாதிரி ஃபான்ட் செய்வாள். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் சங்கிலி. ஐம்பது தாண்டினவர், சுவரில் விளம்பரம் எழுதி எழுதித் தோள் ஓய்ந்தவர்.

முறுக்குக் கம்பெனிக்காரர் டப்பாவில் போட பிரஷ் எழுத்து கேட்டிருந்தார். சங்கிலி செய்த முதல் ஃபான்ட் அது. அதில் அச்சடித்த சாம்பிள் டப்பாவோடு திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து மாதிரி இல்லை, மிஷின் மாதிரி இருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவாராம்.

சங்கிலிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“என் கைதானே டீச்சர் எழுதுச்சு? மை காஞ்சு பிரஷ் இழுத்த கீறல்கூட அப்படியே விழுந்திருக்கு. அப்புறம் கை எங்க போச்சு?”

“சாப்பிட்டீங்களாண்ணே?”

“டீச்சர், நான் கையைத் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“சாப்பிடும்போது இருந்திருக்குமே.”

சிரித்துக்கொண்டே நசீமா தாளும் பிரஷும் எடுத்து வைத்தாள். “டப்பாவுல உள்ளதை எழுதுங்க.”

அவர் ஒரே மூச்சில் எழுதினார்: முத்தம்மாள் முறுக்கு.

அவள் பட்டர் பேப்பரை முதல் ‘மு’வின் மேல் வைத்து, ஒரு கீறல் விடாமல் பென்சிலால் வரைந்தாள். அதை நகர்த்தி இரண்டாவது ‘மு’வின் மேல் வைத்தாள். பொருந்தவில்லை. வால் வெளியே எட்டிப் பார்த்தது.

“வயசாச்சுல்ல டீச்சர்,” என்று சங்கிலி வெட்கப்பட்டார். “கை ஒண்ணு போல வரமாட்டேங்குது.”

நசீமா, திரும்பி வந்த டப்பாவை எடுத்து அதே மாதிரி செய்தாள். இரண்டு ‘மு’வும் பொருந்தின. கீறல்மேல் கீறல், முடியிழைகூட விலகவில்லை.

சங்கிலி குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“எத்தனை மு எழுதினீங்கண்ணே?”

“நாற்பது. அதுல அழகா வந்த ஒண்ணை மட்டும் ஏத்தினேன்.”

“ஒரு எழுத்துக்கு நாலஞ்சு உருவம் ஏத்தலாம், தட்டத் தட்ட மாறி மாறி வரும்னு சொன்னேனே.”

“சொன்னீங்க. அழகானது இருக்கும்போது மத்தது எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“மத்ததெல்லாம் எங்க?”

“சாக்குல கட்டி வச்சிருக்கேன், பழைய பேப்பருக்குப் போட. ஒண்ணு குண்டா இருக்கும், ஒண்ணு சாஞ்சு நிக்கும். அதை எல்லாம் யார் பார்ப்பாங்க?”

நசீமா பட்டர் பேப்பரை மடித்தாள்.

“அந்த முப்பத்தொன்பதும் யார் கைண்ணே?”

சங்கிலி செருப்பைக்கூட மாட்டாமல் சாக்கை எடுக்க ஓடினார்.

உங்கள் வீட்டில் யாராவது எழுதிக் கசக்கிப் போட்ட தாள் இருந்தால், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அதைக் குப்பையில் போடாதீர்கள்.