சாமி கயிறு கட்டின பட்டன்

ஏய், ஹெல்மெட்ட வண்டிக் கண்ணாடியில மாட்டிட்டு ஊரச் சுத்துறவங்களே, வாங்க. போலீஸ் நிக்கிற முனையில மட்டும் தலைக்கு ஏத்துறீங்களே, அது என்ன போலீசோட தலையா? சிரிக்காதீங்க. நானும் உங்க கூட்டம்தான். பிளஸ் ஒன்னுல பாதியிலயே படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டவன். ஆனா ஒரு கதை தெரியும். உக்காருங்க.

எங்க பக்கம் ஏரிக்கரையில ஒரு சாமி இருக்காரு. திட்டு சாமின்னு பேரு. ஆசீர்வாதமே பண்ண மாட்டாரு, திட்டுவாரு. அவர்கிட்ட திட்டு வாங்கினா காரியம் நடக்கும்னு ஜனம் வரிசை கட்டி நிக்கும். ஒருநாள் அசதியில ஒருத்தரப் பாத்து "நல்லா இருப்பா"ன்னுட்டாரு. அந்த ஆளு அங்கயே உக்காந்து அழுதுட்டாரு.

எங்க முதலாளி தனகோபால் அவரோட சீடர். அம்பத்தூர்ல தகடு வெட்டுற பிரஸ் ஷாப் வச்சிருக்காரு. டைன்னு ஒரு இரும்பு அச்சு, அது மேல தகட்ட வச்சா, மேல இருந்து மிஷின் இறங்கி ஒரே அடியில வெட்டிரும். நானும் அங்கதான் ஆபரேட்டர்.

மிஷினுக்கு ரெண்டு பட்டன். இடது கைக்கு ஒண்ணு, வலது கைக்கு ஒண்ணு. ரெண்டையும் சேத்து அமுக்கினாத்தான் இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா எந்தக் கையும் டைக்குள்ள இருக்காது இல்ல, அதுக்குத்தான். அதச் செஞ்சவன் அறிவாளி. நாங்க அவனவிட அறிவாளிங்க. இடது பட்டன அமுக்கித் துணியால கட்டிருவோம். ஒரு கை சும்மா கெடைக்கும், உருப்படி வேகமா விழும். கஸ்டமர் கம்பெனியில இருந்து செக் பண்ண ஆள் வந்தா துணிய உருவிருவோம். அவரு கார் கெளம்பினதும் திரும்பக் கட்டிருவோம்.

முதலாளி பாப்பாரு. பாத்துட்டு, "இன்னிக்கு எவ்ளோ உருப்படி?"ன்னு கேப்பாரு.

ஆயுத பூஜைக்கு சாமி ஒரு மஞ்சக் கயித்த மந்திரிச்சுக் குடுத்தாரு. "மிஷின்ல கட்டு, காக்கும்"னாரு. அப்பப் பாத்து எங்க துணி நைஞ்சு போயிருந்துச்சு. கயிறு நேரா இடது பட்டன்ல ஏறிருச்சு.

அதோட தீந்துச்சு கதை. துணின்னா அவுப்போம். சாமி கயித்த எவன் அவுப்பான்? அடுத்த தடவ வந்த கஸ்டமர் ஆளு அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனாரு!

பொங்கல் முடிஞ்சு ஷாப் தொறந்த வாரம். எங்கூட வேல பாக்குற கலிவரதன் அண்ணன் மிஷின ஓட்டிக்கிட்டு இருந்தாரு. டைக்குள்ள தகடு சிக்கிக்கிச்சு. இடது கைய விட்டு இழுத்தாரு. குனிஞ்சதுல வலது முழங்கை வலது பட்டன்ல பட்டுச்சு, மிஷின் இறங்கிருச்சு. இடது கையில கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போச்சு.

மறுநாள் மிஷின மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவினாங்க. பூசணிக்காய் ஒடச்சாங்க. கூடை நெறைய பழம் வாங்கினாங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆரஞ்சு போகல. கூடை சாமிகிட்ட போச்சு, தூக்கிட்டுப் போனது நான்.

முதலாளி அண்ணனுக்கு இடது கை விரல் போனதச் சொல்லிட்டு, கைகட்டி நின்னு கேட்டாரு. "சாமி, என் மிஷின் ஏன் காவு கேக்குது?"

"என்ன கேட்டுச்சு?"

"காவு சாமி. ரத்தம்."

"உன் காதுல வந்து சொல்லுச்சா?"

"ஜோசியர் சொன்னாரு."

"அடிபட்டவன் எங்கடா?"

"ஆஸ்பத்திரியில."

"போய்ப் பாத்தியா?"

"இந்தப் பூஜை வேலையில நேரமே..."

சாமி ஆரம்பிச்சாரு பாருங்க. "வெளங்காதவனே"ல ஆரம்பிச்சு, இங்க சொல்ல முடியாத எடத்துக்கெல்லாம் போனாரு. கூடைய ஒதைச்சதுல ஆப்பிள் ஏரி வரைக்கும் உருண்டுச்சு. முதலாளி மூஞ்சிய பாக்கணுமே, அவ்ளோ சந்தோஷம்! இவ்ளோ திட்டு வாங்கினா காரியம் நடந்த மாதிரிதான?

தைரியம் வந்து கேட்டாரு. "நாளைக்கு வேற ஆள உக்கார வைக்கணும் சாமி. இதவிட பவரான கயிறா ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

சாமி திட்டுறத நிறுத்திட்டாரு. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு.

"நானே கொண்டு வரேன். போ."

மறுநாள் மிஷின்ல உக்கார வேண்டியது ஜெபராணி அக்கா. பேக்கிங்ல இருந்தவங்கள மாத்தி விட்டுருந்தாங்க.

"சார், எனக்கு உங்க சாமியும் வேணாம், எங்க சாமியும் வேணாம். விரல் இருந்தாப் போதும். தினம் பொண்ணுக்கு ஜடை பின்னணும்"னாங்க.

"சாமி வர்ற நேரத்துல அபசகுனமாப் பேசாதம்மா. முடியாதுன்னா சொல்லு, வெளிய ஆளா இல்ல?"

அக்கா மிஷின்கிட்ட போய் நின்னாங்க.

சாமி வந்தாரு. மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மிஷின ஒரு சுத்து சுத்தி வந்தவரு, இடது பட்டன்கிட்ட நின்னுட்டாரு. மஞ்சக் கயிறு ஆயில் ஏறிக் கறுத்துப் போயிருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அப்புறம் விபூதித் தட்ட நீட்டினாரு. "தனகோபாலு, எடு. டைக்கு நடுவுல பூசு. இடது கையால."

"விபூதிய இடது கையாலயா சாமி?"

"அவன் எந்தக் கைய உள்ள விட்டான்? பூசு."

முதலாளி விபூதிய எடுத்தாரு. கை டை வரைக்கும் போச்சு. அங்கயே நின்னுச்சு.

"டேய், மெயின ஆஃப் பண்ணுங்கடா!"

"எதுக்கு?"ன்னாரு சாமி.

"இல்ல சாமி, ஒரு இதுக்கு..."

"கயிறு நான் மந்திரிச்சது. காக்கும். வை கைய."

"அது இடது பட்டன்ல கட்டியிருக்கு சாமி. அந்தப் பட்டன் ஏற்கனவே அமுங்கித்தான் இருக்கு. எவனாச்சும் தெரியாம வலது பட்டன்ல லேசா இடிச்சாக் கூட..."

அப்படியே நிறுத்திட்டாரு.

ஜெபராணி அக்கா மெதுவாச் சொன்னாங்க. "அப்ப உங்களுக்குத் தெரியும்."

முதலாளி கைய எடுத்து முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டாரு. சாமி தானே போய் மெயின ஆஃப் பண்ணாரு.

"கயித்த அவுத்து எறி."

"அவுத்தா தோஷம் சாமி."

"அவன் விரல் ரெண்டு தரையில கெடந்துச்சே, அது என்னடா, புண்ணியமா? அவுடா எருமை!"

ஷெட்டு தகரமே அதிர்ந்துச்சு. முதலாளி நகத்தால நோண்டினாரு. முடிச்சு அசையல. வேர்த்து ஊத்துச்சு. அக்கா தகடு வெட்டுற கத்தரிய கொண்டாந்து அவர் கையில வச்சாங்க. வெட்டினாரு.

டக்.

பட்டன் மேல வந்துச்சு. ஆயுத பூஜைல இருந்து அமுங்கிக் கெடந்த பட்டன். மிஷினே மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

சாமி குனிஞ்சு, வெட்டி விழுந்த கயித்தப் பொறுக்கினாரு. "இது என்னுது"ன்னு இடுப்புல சொருகிக்கிட்டாரு. அப்ப அவர் குரல்ல திட்டே இல்ல.

கெளம்பினவர முதலாளி தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாரு. "சாமி, புதுக் கயிறு கொண்டாறேன்னு சொன்னீங்களே?"

சாமி திரும்பி வந்தாரு. மடியில இருந்து புத்தம் புது மஞ்சக் கயித்த எடுத்து அவர் உள்ளங்கையில வச்சாரு.

"கலிவரதன்கிட்ட எடுத்துட்டுப் போ. அவன் கையால ஒரே ஒரு முடிச்சு போட்டுத் தரச் சொல்லு. போட்டுட்டான்னா கொண்டா, நானே வந்து கட்டுறேன்."

போயிட்டாரு.

முதலாளி அந்தக் கயித்தச் சட்டைப் பையில போட்டாரு. அப்புறம் எங்க பக்கம் திரும்பி, "இவ்ளோ இறுக்கமா எவன்டா கட்டினது?"ன்னாரு. ஒருத்தனும் வாயத் தொறக்கல.

நான்தான். எனக்குப் பத்து விரலும் இருந்துச்சு, முடிச்சு நல்லா விழுந்துச்சு.