தலையை இழுக்காத ஆமை

பொன்னுரங்கம் மடத்துக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. குருவான மாசிலாமணி ஐயா அவரைவிட மூன்று வயது இளையவர்.

ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த மனிதர் பொன்னுரங்கம். கடையை மைத்துனரிடம் ஒப்படைத்தார். மனைவி வேதவல்லியிடம் சொல்லிக்கொண்டு ஒரு துணிப்பையோடு கிளம்பி வந்துவிட்டார். வேதவல்லி தடுக்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாளே ஐயா அவரை மடத்துக் குளத்துக்கு அழைத்துப் போனார். படியில் ஓர் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஐயா குச்சியால் அதை லேசாகத் தொட்டார். தலையும் நான்கு கால்களும் ஓட்டுக்குள் போய்விட்டன.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் ஐயா."

"பாடம் அவ்வளவுதான்."

பொன்னுரங்கம் கெட்டிக்காரச் சீடர். ஆமையைப் போலவே கண்ணை உள்ளே இழுத்தார், காதை இழுத்தார், நாக்கை இழுத்தார். மூன்று வருஷத்தில், பக்கத்தில் இடி விழுந்தாலும் இமை அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டார்.

நாலாம் வருஷம் தை மாதத்தில் மகள் அமிர்தம் வந்தாள். அவர் மண்டபத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. உங்க முகத்தைப் பார்க்கணும்னு சொல்லுது."

ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள்.

"நீங்க பேச வேண்டாம்ப்பா. வந்து நின்னா போதும்."

அன்று மதியம்வரை அவள் மண்டபத்துக்கு வெளியே நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து வாசலைத் தாண்டியது. சாயங்காலம் ஐயா மற்றச் சீடர்களிடம், "அசையாம இருக்கிறதுன்னா என்னன்னு பொன்னுரங்கத்தைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார். அதைக் கேட்டுப் பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பின்னாளில் அவரை அதிகம் அறுத்தது.

மாசி மாதம் மைத்துனர் வந்தார். வேதவல்லிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்று சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

ஒரு வருஷம் போயிற்று. ஒருநாள் காலை பொன்னுரங்கம் ஐயாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அஞ்சு புலனையும் உள்ளே இழுத்துட்டேன். உள்ளே ஒரே இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது. நான் எங்கே தப்புப் பண்ணினேன்?"

ஐயா பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில், "வாங்க, நடப்போம்" என்றார். எங்கே என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. கிழக்கே ஏழு கல் நடந்தார்கள். பனைகள் குறைந்து மணல் தொடங்கியது. கடல் தெரிந்தது.

கரையில் ஒரு படகு அப்போதுதான் ஏறியிருந்தது. இன்னாசி என்ற மீனவரும் அவர் மனைவி லூர்தும் வலையைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். வலைக்குள் ஒரு பெரிய ஆமை. கழுத்தில் வலையின் நைலான் இழை இறுகிக் கிடந்தது. இன்னாசி கத்தியால் வலையை அறுத்துக்கொண்டிருந்தார். ஆமை அசையவில்லை.

பொன்னுரங்கம் பக்கத்தில் மண்டியிட்டார்.

"தலையை உள்ளே இழுத்திருந்தா கழுத்துல மாட்டியிருக்காதே."

"இழுக்காது சாமி" என்றார் இன்னாசி. "இது கடலாமை. உள்ளே இடம் கிடையாது."

"இடம் இல்லையா?"

"ஓட்டைப் பாருங்க. குளத்து ஆமைக்குப் பெட்டி மாதிரி உயரமா இருக்கும். இது தட்டை. முன்னாடி அகலம், பின்னாடி போகப் போகக் கூர்மை. தண்ணி வழுக்கிக்கிட்டுப் போகணும்ல."

அவர் ஆமையின் முன்காலை விரித்துக் காட்டினார். விரல்களே தெரியவில்லை. நீளமான துடுப்பு மாதிரி இருந்தது.

"இதை மடிச்சு எங்கே வைக்கும்?"

"அப்போ ஆபத்து வந்தா?"

"நீந்தும் சாமி. வேற வழி அதுக்கு இல்லை."

கழுத்தை இறுக்கிய இழை அறுந்தது. இன்னாசியும் லூர்தும் ஆமையைப் படகின் நிழலுக்கு இழுத்தார்கள். பின்பக்கம் உயர்ந்திருக்கும்படி வயிற்றுக்கடியில் பழைய வலையைச் சுருட்டி வைத்தார்கள். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மீனுக்குச் செவுள் இருக்கு. இதுக்கு நம்மள மாதிரி நுரையீரல்" என்றார் இன்னாசி. "மேலே வந்து மூச்சு இழுத்துக்கிட்டுத்தான் கீழே போகும். வலை மேலே வர விடலை."

"பிழைக்குமா?"

"சில சமயம் பிழைக்கும். காத்திருக்கணும்."

லூர்து ஈரச் சாக்கை ஓட்டின் மேல் போர்த்தினாள். பொன்னுரங்கம் ஒரு வாளியை வாங்கிக்கொண்டார். சாக்கு காயக் காயக் கடல்நீர் மொண்டு வந்து நனைத்தார். ஐயா படகின் மறுபக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 

வெயில் ஏறியது. ஆமையின் கண்ணோரத்தில் கெட்டியாக ஏதோ வடிந்து மணலில் சொட்டியது.

"அழுவுதா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க" என்றாள் லூர்து. "அழுகை இல்லை சாமி. உப்பு. தின்கிறதும் குடிக்கிறதும் கடல்லதானே? அத்தனை உப்பும் உடம்புல தங்கினா என்ன ஆகும்? கண்ணுக்குப் பின்னாடி ஒரு சுரப்பி இருக்கு. அதோட மூளையைவிடப் பெருசு. அது உப்பை வடிச்சுக்கிட்டே இருக்கும். தண்ணிக்குள்ள வடிக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

"வடியாம நின்னுட்டா?"

"செத்துரும்."

பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணையே பார்த்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க மாமனார் காலத்துல அறுத்துத் தின்பாங்க. நானே அறுத்திருக்கேன். தலையைப் பிளந்தா அந்தச் சுரப்பி. தொண்டையைக் கீறினா உள்பக்கமாச் சாய்ஞ்ச முள்ளு, வரிசை வரிசையா. தண்ணியைத் துப்பிட்டு இரையை மட்டும் நிறுத்திக்கத்தான் அந்த முள்ளு. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்ச உடம்புன்னு அறுத்தப்புறம்தான் தெரிஞ்சுது."

பொன்னுரங்கம் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி அலையோரம் போனார்.

உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் பொன்னுரங்கம் பதினேழாவது வாளியோ பதினெட்டாவதோ சுமந்து வந்தார். ஆமை தலையைத் தூக்கியது. வாயைத் திறந்து, துருத்தி ஊதுவதுபோல் ஒரு மூச்சு விட்டது. இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டார்.

இன்னும் ஒரு நாழிகை வைத்திருந்து நாலு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் அலையோரம் விட்டார்கள். முதல் அலை அதைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவது அலையில் அது இரண்டு துடுப்புகளையும் அகல விரித்தது. மணலில் அத்தனை கனமாகக் கிடந்த உடம்பு, அடுத்த கணம் அங்கே இல்லை.

இன்னாசியும் லூர்தும் கிழிந்த வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். கரையில் குருவும் சீடரும் மட்டும் நின்றார்கள். பொன்னுரங்கத்தின் வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது.

"ஐயா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

"நான் மேற்கே மலையடிவாரத்துல பிறந்தவன்" என்றார் ஐயா. "குளத்து ஆமையைத்தான் பார்த்திருக்கேன். வந்தவங்களுக்கெல்லாம் அதையே காட்டினேன்."

அவர் பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணு ரெண்டாவது தடவை வந்தப்போ நான் தூணுக்குப் பின்னாடி நின்னேன். மதியம்வரைக்கும் அந்தப் பிள்ளை நின்ன நிலையைப் பார்த்தேன். எழுந்து போங்கன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. என் பாடம் ஜெயிக்குதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

பொன்னுரங்கம் கடலைப் பார்த்தபடி நின்றார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவர் கிளம்பிய அன்று வேதவல்லி சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வந்தது. மூக்கு எரிந்தது. கண் வடிந்தது. அவர் துடைக்கவில்லை.

ஐயா கேட்டார்.

"அமிர்தம் வீடு எங்கே?"

"திருத்துறைப்பூண்டி. பஸ்ல போகணும்."

"வாங்க. நானும் வர்றேன்."

"அவ திட்டுவா ஐயா. உங்களையும் திட்டுவா. முகத்துல அடிச்ச மாதிரிக் கதவைச் சாத்தினாலும் சாத்துவா."

ஐயா ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"சாத்தட்டும். வெளியே நிப்போம்."